பூட்டாத கூடு

அந்தத் தாதி என்னிடம் சாறி பிளவுஸ் தைக்க வருகிறவர். வவுனியா ஆஸ்பத்திரியில் வேலை. நெளுக்குளத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி வாடகைக்கு இருந்தார். மாற்றம் கிடைத்து வேறு மாவட்டத்துக்குப் போகிறார் என்று எனக்குத் தெரியும். தைக்கக் கொடுத்திருந்த கடைசிச் சட்டைகளை எடுக்க வந்த அன்று, ஓட்டோவிலிருந்து துணியால் மூடிய ஒரு கூட்டையும் இறக்கினார்.

"அக்கா, இதை அங்க கொண்டுபோக ஏலாது. குவாட்டர்ஸில விடமாட்டினமாம். நீங்கள் வச்சிருக்கிறியளோ?"

துணியை நீக்கிப் பார்த்தேன். சாம்பல் நிற உடம்பு, மஞ்சள் முகம், இரண்டு கன்னத்திலும் செம்மஞ்சளாக ஒவ்வொரு பொட்டு, தலையில் ஒரு கொண்டை. கிளியில் பாதிதான் இருக்கும். அது கூட்டின் பின்மூலையில் கம்பியோடு ஒட்டி நின்றது. நான் குனிந்ததும் கொண்டை நிமிர்ந்தது. வாயைத் திறந்து பாம்பு மாதிரிச் சீறியது.

"கொக்கட்டீல் எண்டு சொல்லுறது" என்றார் தாதி. "என்னட்டையும் கொஞ்சக் காலம்தான். முதல் இருந்த வீட்டில சின்னப் பிள்ளையள் ஈர்க்காலையும் குச்சியாலையும் குத்திப் போட்டுதுகள். கையைக் கண்டாத்தான் பயம். மற்றப்படி பாவம்."

ஏன் 'ஓம்' என்றேன் என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை, அதுதான் காரணம் என்று சொந்தக்காரர் தங்களுக்குள்ளேயே முடிவு செய்துகொண்டார்கள். அது சரியில்லை. இல்லாத பிள்ளையின் இடத்தில் வைக்க எனக்குக் குருவி தேவைப்படவில்லை. அந்த மூலையில் அது நின்ற நிலை எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். பிழையாகத் தைத்த சட்டை ஒன்று கண்ணில் பட்டால் அதைப் பிரித்துத் திருப்பித் தைக்காமல் எனக்கு இருக்கேலாது. அந்தக் குணம்தான் என்று நினைக்கிறேன்.

கூட்டைத் தையல் அறைக்குள் வைத்தேன். என் கணவர் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு கொட்டிலில் தண்ணீர்ப் பம்புகள் திருத்துகிறவர். பின்னேரம் கை கழுவிவிட்டு வந்தவர், அறை வாசலில் கூட்டைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"உது ஆற்றை?"

"அந்தத் தாதி மிஸ்ஸியின்ரை. எங்களுக்குத் தந்திட்டா."

"திருப்பிக் குடுத்திடும்."

"அவா நாளைக்கு விடியவே வெளிக்கிடுறா."

"அப்ப திறந்து விடும்."

"திறந்து விட்டா அண்டைக்கே காகம் கொத்திப்போடும். உது இந்த நாட்டுக் குருவியில்லை. வெளியில தின்னவும் தெரியாது, ஒளிக்கவும் தெரியாது."

அவர் தேத்தண்ணியைக் கையில் எடுத்தார், குடிக்கவில்லை. "கம்பிக்குப் பின்னால ஒரு சீவன் நிண்டு பாக்கிறதை எனக்குப் பாக்கேலாது" என்றார். சொல்லிவிட்டு வெளியே மாமரத்தடிக்குப் போய்விட்டார்.

அவர் சண்டை முடிந்த பிறகு சில வருசம் தடுப்பு முகாமுக்கு உள்ளே இருந்தவர். வெளியே வந்த பிறகுதான் எங்கள் கலியாணம் பேசினார்கள். நான் முல்லைத்தீவுக் கடற்கரைக்காரி, கத்தோலிக்க வேதக்காரக் குடும்பம். அவருடையது விசுவமடுவில் வயல் செய்த சைவக் குடும்பம். இரண்டு பேருக்கும் வயது ஏறியிருந்ததால் ஒருவரும் பெரிதாக மறுப்புச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் உள் அறைக் கதவுகள் பூட்டப்படுவதில்லை. படுக்கும் அறைக்கும் திரைச்சீலைதான். குளிக்கப் போனாலும் அவர் கதவைச் சாத்தாமல் இடையில் ஒரு செங்கல்லை வைப்பார். அதைப்பற்றி நான் அவரிடம் கேட்டதில்லை. கலியாணம் கட்டிய முதல் மாதமே எனக்கு விளங்கிவிட்டது.

மாமரத்தடிக்குப் போனேன்.

"எனக்குக் கொஞ்சக் காலம் தாங்கோ. கூட்டுக் கதவைப் பூட்டாமலே அதை வளத்துக் காட்டுறன்."

"பறந்திடும்."

"பறக்காது. எங்களோட நிக்கப் பழக்கிறன்."

"அது பழகும் வரைக்கும்?"

"அதுமட்டும் நீங்கள் தையல் அறைக்குள்ள வராதேங்கோ."

அவர் என்னைப் பார்த்தார். கோழி வளர்த்த அனுபவம்கூட எனக்கு இல்லை என்று அவருக்குத் தெரியும். "சரி" என்றார். சொன்னபடியே அந்தப் பக்கம் வரவில்லை. கூடத்தில் இருந்து சாப்பிடும்போதுகூட அறைக்கு முதுகைக் காட்டித்தான் கதிரையைப் போட்டார்.

சொல்லிவிட்டேனே தவிர, எப்படிச் செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. புது இடத்துக்குப் போய்ச் சேர்ந்த தாதிக்குப் போன் எடுத்தேன்.

"முதல்ல ஒண்டும் செய்யாதேங்கோ அக்கா" என்றார். "கையை உள்ளுக்க விட்டுப் பிடிக்கப் பாக்காதேங்கோ. நீங்கள் பாட்டில உங்கடை வேலையைச் செய்யுங்கோ. அது உங்களைப் பாக்கட்டும்."

ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் எனக்கு வராத வேலை. ஆனாலும் செய்தேன். கூட்டை அறையின் மூலைக்கு நகர்த்தி, இரண்டு பக்கம் சுவர் வரும்படி வைத்தேன். மூன்றாவது பக்கத்தில் பழைய சீத்தைத் துணியைத் தொங்கவிட்டேன். ஒரு பக்கம் மட்டும் திறப்பு. என் கால் மெசினை அறையின் மறுகரைக்கு இழுத்துக்கொண்டு போனேன். நேரே பார்த்தால் அது மிரண்டது. அதனால் பக்கவாட்டில் திரும்பி இருந்து தைத்தேன்.

மெசின் சத்தம் கேட்டதும் முதல் நாள் அது செட்டையை அடித்துக் கூடு முழுக்க மோதியது. நிறுத்தினேன். நூல் கோக்காமல், துணி வைக்காமல், வெறும் மெசினை மெல்ல மிதித்தேன். நிறுத்தினேன். திருப்பி மிதித்தேன். யாராவது பார்த்திருந்தால் எனக்கு மூளை பிசகிவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள். மெல்ல மிதித்து மெல்ல மிதித்துத்தான் அந்தச் சத்தம் அதற்குப் பழகியது. பிறகு நூலைக் கோத்தேன். சில நாளைக்கு ஒருமுறை மெசினை ஒரு சாண் கிட்டக் கொண்டுவந்தேன்.

கதைத்துக்கொண்டே தைத்தேன். குருவியிடம் என்ன கதைப்பது? செய்கிற வேலையைச் சொன்னேன். "இப்ப கழுத்து வெட்டுறன். இப்ப கை வெட்டுறன்." ஒருநாள் வாசலில் நின்ற வாடிக்கைக்காரி ஒருவர் அதைக் கேட்டுப் பயந்து, "ஆரோட அக்கா கதைக்கிறியள்?" என்றார். உள்ளே கூட்டிக்கொண்டு வந்து காட்டினேன். அவர் விரலை நீட்டிக்கொண்டு கூட்டுக்குக் கிட்டப் போனார். மறித்தேன். அதற்குப் பிறகு அளவு எடுக்க வருகிறவர்களைக் கூடத்திலேயே நிற்கச் சொன்னேன். சிலருக்கு அது பிடிக்கவில்லை. ஒருவர் துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு வேறு இடத்துக்குப் போனார். போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அது தின்னத் தொடங்கியது. நான் அறையில் இருக்கும்போதே சட்டிக்கு இறங்கி வந்து விதை கொறித்தது. ஆனால் கை கூட்டுக்குப் பக்கத்தில் போனால் அதே சீறல். அதற்கு மேலே ஒன்றும் சரிவரவில்லை. அதற்குத் தினைக்கதிர் என்றால் உயிர், கையில் பிடித்துக் கொடுத்துப் பாருங்கோ என்று தாதி சொன்னார். வவுனியாக் கடைகளில் தினை அரிசிதான் பைக்கற்றில் இருந்தது. கதிராக ஒருவரிடமும் இல்லை. நெடுங்கேணிப் பக்கம் காட்டோரத்தில் இன்னும் சிலர் போடுகிறார்கள் என்று யாரோ சொல்ல, தையலை ஒதுக்கி வைத்துவிட்டு பஸ் ஏறினேன்.

நெடுங்கேணிச் சந்தையில் கேட்டுக் கேட்டு, ஒரு உழவு மெசின் பெட்டியில் ஏறி, கடைசியில் காட்டைத் தொட்டபடி இருந்த ஒரு வளவுக்குப் போய்ச் சேர்ந்தேன். வெயில் உச்சிக்கு வந்திருந்தது. அந்த வளவுக்காரி ஒரு தகரத்தைத் தட்டித் தட்டிக் குருவி கலைத்துக்கொண்டு நின்றார்.

"தினைக்கதிர் கொஞ்சம் வேணும்" என்றேன்.

"கோயிலுக்கோ?"

"இல்லை. ஒரு குருவிக்கு."

அவர் தகரம் தட்டுவதை நிறுத்தினார். "பிள்ளை, விடிஞ்சதிலயிருந்து நான் இதில நிண்டு குருவியைக் கலைக்கிறன். நீர் பஸ் ஏறி வந்து குருவிக்குத் தினை கேக்கிறீர்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. பெரிய கட்டாகக் கட்டித் தந்தார். எப்படிப் பழக்குகிறேன் என்று கேட்டார். சொன்னேன். "கலைச்சாலும் திருப்பித் திருப்பி வருதுகள். நீர் கூப்பிட்டாலும் வருகுதில்லை" என்று சொல்லிவிட்டுத் தகரத்தை எடுத்துக்கொண்டார்.

நீளமான தண்டோடு கதிரைப் பிடித்துக் கம்பிக்குள் நுழைத்தேன். கை வெளியே தூரத்தில் இருந்தது. அன்று அது வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. கை உளைய உளைய அப்படியே பிடித்துக்கொண்டு இருப்பேன். உளைவு கூடினால் எடுத்துவிட்டுத் தைக்கப் போவேன். ஒரு காலையில் கழுத்தை மட்டும் நீட்டி ஒரு மணியை இழுத்தது. பிறகு ஒவ்வொரு நாளும் தண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறுக்கினேன். என் விரல் நுனி கம்பி வரைக்கும் வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து எல்லாம் கெட்டது. தண்ணீர்ச் சட்டியை எடுக்கச் சின்னக் கதவைத் திறந்தேன். தெருவில் லொறி ஒன்று பெரிய சத்தத்தோடு ஹோர்ன் அடித்தது. குருவி மிரண்டு என் கையைத் தாண்டி வெளியே பாய்ந்தது. மேலே ஃபான் சுற்றிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் ஃபானை நிறுத்தினேன். அது சுவரில் மோதி, துணி அலுமாரிக்குப் பின்னால் விழுந்தது. யன்னல் திறந்திருந்தது, கதவும் திறந்திருந்தது. எனக்கு வேறு வழி தெரியவில்லை. துவாயைப் போட்டுப் பொத்திப் பிடித்தேன். பெருவிரலில் இரத்தம் வரக் கடித்தது. அதன் நெஞ்சு என் கைக்குள் துடித்த வேகத்தை இன்றைக்கும் மறக்கவில்லை.

கூட்டுக்குள் விட்டதும் பழைய மூலைக்குப் போனது. முதல் நாள் நின்ற அதே நிலை. தினைக்கதிரைக் காட்டினால் அதற்கும் சீறியது. இவ்வளவு நாள் பாடுபட்டதெல்லாம் ஒரு துவாயோடு போய்விட்டது.

அன்று மத்தியானம் சமைக்கவில்லை. குசினியில் விரலுக்குத் துணி சுற்றிக்கொண்டு இருந்தேன். கணவர் வந்து பார்த்தார்.

"கடிச்சிட்டுதோ?"

"ஓம்."

"விட்டிடுமன். உம்மால ஏலுமானதைச் செய்து பாத்திட்டீர். தாதியிட்டையே கேட்டு ஆருக்கும் குடுத்திடலாம்."

அவர் நல்லதற்குத்தான் சொன்னார். ஆனால் எனக்குக் கோபம் வந்தது. இன்னொரு வீட்டுக்குக் கொடுத்தால் அது நாலாவது வீடு. அங்கேயும் ஒருவர் கையை விடுவார். "இல்லை. திருப்பித் தொடங்குறன்" என்றேன். மெசினைத் திரும்பவும் அறையின் மறுகரைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

இரண்டாம் முறை கொஞ்சம் புத்தியோடு செய்தேன். பிரச்சினை என் கைதான் என்று தெரிந்த பிறகு, கையை ஏன் காட்ட வேண்டும்? துணியில் அளவுக் கோடு போட வைத்திருக்கும் நீள மர அடிமட்டம் என்னிடம் இருந்தது. அதைத்தான் அது ஒவ்வொரு நாளும் பார்க்கிறது. அதன் ஒரு முனையில் தினைக்கதிரைக் கட்டிக் கூட்டுக்குள் நீட்டினேன். அடிமட்டத்துக்கு அது சீறவில்லை. முதலில் கொத்திப் பார்த்தது. பிறகு கதிருக்காக ஒரு காலைத் தூக்கி அதன்மேல் வைத்தது. மற்றக் காலையும் வைத்தது. நான் அசையாமல் பிடித்தேன். அது சுமையே இல்லாத ஒரு சுமை. வேலை தெரிந்தவர்கள் இதைக் கேட்டால் எல்லாருக்கும் தெரிந்த விசயம்தானே என்பார்கள். எனக்கு அதை ஒருவரும் சொல்லித்தரவில்லை.

அடிமட்டத்தில் ஏறவும் இறங்கவும் பழகியது. நான் பிடிக்கும் இடத்தை நாளாக ஆக முன்னால் நகர்த்தினேன். முன்னால், இன்னும் முன்னால். ஒருநாள் கதிர் முடிந்துவிட்டது. அது இன்னும் தேடியது. அடிமட்டத்தின் மேலாக நடந்து வந்து, என் விரலுக்கு முன்னால் நின்று, தலையைச் சரித்து விரலைப் பார்த்தது. அலகால் நகத்தில் ஒரு தட்டுத் தட்டியது. கடிக்கவில்லை. பிறகு ஒரு காலை விரலில் வைத்தது. அந்தக் கால் சூடாக இருந்தது. குருவியின் கால் சூடாக இருக்கும் என்று நான் நினைத்ததேயில்லை.

அதற்குப் பிறகு அறையைத் தயார்ப்படுத்தத் தொடங்கினேன். கூட்டைத் திறந்து விடுவதென்றால் ஃபான் போடக்கூடாது. நெளுக்குளத்து வெயிலில், தகரத்துக்குக் கீழே, ஃபான் இல்லாமல் மெசின் மிதிப்பது என்னவென்று மிதித்தவர்களுக்குத் தெரியும். வேர்வை துணியில் விழாமல் கழுத்தில் துவாயைச் சுற்றிக்கொண்டு தைத்தேன். குண்டூசிகளை மூடியுள்ள தகரப் பேணிக்குள் போட்டேன். நூல் துண்டு குருவியின் காலில் சுற்றினால் விரலே போய்விடும் என்று தாதி சொன்னதால், பின்னேரத்தில் நிலத்தை ஒவ்வொரு அடியாகக் கூட்டினேன். யன்னல்களுக்குப் பழைய நுளம்பு வலையை இரட்டையாக மடித்துத் தைத்து அடித்தேன். இரும்பு வலை வாங்கியிருக்கலாம். வேண்டுமென்றுதான் வாங்கவில்லை.

கதவுதான் மிச்சம். அறைக் கதவைச் சாத்தினால் வேலை முடிந்தது. ஆனால் வீட்டுக்குள் ஒரு கதவைச் சாத்தி வைக்கலாமா என்று அவரிடம் கேட்க எனக்கு மனம் வரவில்லை. நிலத்தைத் தொடும் பாரமான திரைச்சீலை ஒன்று தைத்தேன். காற்றில் பறக்காமல் இருக்க விளிம்பில் பாரம் வேண்டும். முல்லைத்தீவில் கடல் தொழில் செய்யும் என் அண்ணன் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகளைப் பையில் கட்டிப் பஸ்ஸில் கொடுத்துவிட்டார். எல்லாவற்றையும் வைத்து வடிவாகத் தைத்து முடித்த பிறகுதான் தாதியிடம் சொன்னேன். "ஐயோ அக்கா, ஈயம் அதுக்கு நஞ்சு. கொறிச்சா செத்துப்போம்" என்றார். அவ்வளவையும் பிரித்து, முற்றத்தில் பொறுக்கிய கூழாங்கற்களைக் கழுவி வைத்துத் திருப்பித் தைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போய்வந்து, கூட்டின் பெரிய கதவைத் திறந்து கம்பியால் கட்டிவிட்டேன், இனி அது தானாகச் சாத்தாதபடி. தள்ளிப் போய் இருந்தேன்.

அது வெளியே வரவில்லை.

நான் பிளவுஸ் ஒன்றுக்குக் கொக்கி வைத்து முடித்தேன். அது வரவில்லை. தினைக்கதிரை வாசலில் தொங்கவிட்டேன். உள்ளே நின்றபடி கழுத்தை நீட்டித் தின்றுவிட்டுத் திரும்பவும் உள்ளே போனது. பின்னேரமாகிவிட்டது. திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் கணவரின் கால்கள் தெரிந்தன.

"வந்திட்டுதோ?" என்று கேட்டார்.

"இல்லை."

"கதவு திறந்துதானே கிடக்கு?"

"காலமையிலயிருந்து திறந்துதான் கிடக்கு."

அவர் அங்கே நின்றபடியே சொன்னார்: "அது அப்பிடித்தான். எனக்கும் வீட்டை போகலாமெண்டு சொன்ன அண்டைக்கு, கேற்றுக்குக் கிட்டக் கிடந்த வாங்கில போய் இருந்தனான். எழும்ப வரேல்லை. கூட்டிக்கொண்டு போக வந்த அண்ணை, காலில ஏதும் வருத்தமோ எண்டு கேட்டவர்."

எங்கள் கலியாண வாழ்க்கையில் அந்த இடத்தைப் பற்றி அவர் சொன்னது அவ்வளவுதான். நான் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன். ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. ஆனால் திரைச்சீலையை விலக்கிப் பார்த்தால் அவர் அதோடு நிறுத்திவிடுவார் என்றும் தெரிந்தது. "பிறகு எப்பிடி எழும்பினீங்கள்?" என்று மட்டும் கேட்டேன்.

"பசிச்சது" என்றார்.

குருவி அடுத்த நாள் வந்தது. கூட்டின் மேல் ஏறி நின்று செட்டைகளை விரித்துப் பார்த்தது. பிறகு பறந்து, மெசினின் நூல்கட்டையில் இறங்கி, அது உருண்டதால் என் மடியில் விழுந்தது. அதற்குப் பிறகு பகல் முழுக்க வெளியேதான். கூடு அதற்குச் சாப்பாட்டு அறையும் படுக்கையும் ஆனது. பொழுதுபடத் தானாகவே உள்ளே போகும். பூட்டுவதில்லை. நான் தைக்கும்போது துணியின் ஓரத்தைக் கொறிக்கும். மணப்பெண் சட்டை ஒன்றில் எச்சமும் போட்டது. இரவு அதைக் கழுவிக் காயவைத்து, பெண்ணின் தாய்க்கு ஒன்றும் சொல்லாமல் கொடுத்தேன்.

என் கணவர் அறைக்குள் வந்தது அது விசிலடிக்கத் தொடங்கிய பிறகுதான். முதலில் வாசல் வரைக்கும் வந்தார். அடுத்த கிழமை, என் முதுகு நனைந்திருப்பதைப் பார்த்துவிட்டு, முன்பக்கம் மூடிய ஸ்ராண்ட் ஃபான் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். அதன் மூடியின் இடைவெளி பெரிதென்று நான் சொல்ல, நைலோன் வலையை அதற்கு மேலே சுற்றிக் கட்டினார். கூட்டை நேரே பார்க்கவில்லை. ஆனால் கதவு கட்டியிருந்த கம்பியை ஒருமுறை இழுத்துப் பார்த்தார், இறுக்கமாக இருக்கிறதா என்று.

பிறகு பூனை வந்தது. அயலில் சுற்றும் கடுவன். நான் குசினியில் இருந்தபோது தையல் அறையிலிருந்து ஒரு கத்தல் கேட்டது. ஓடினேன். யன்னல் வலையை நகத்தால் கிழித்து, தலையும் ஒரு முன்காலும் உள்ளே வந்திருந்தன. குருவி அலுமாரிக்கு மேலே சுவரோடு ஒட்டி நின்றது. அடிமட்டத்தை எடுத்து வீசினேன். பூனை பாய்ந்து ஓடியது. நான் தைத்த வலை தோரணம் மாதிரித் தொங்கியது. குருவிக்கு ஒன்றும் நடக்கவில்லை. நான் கையை நீட்டினேன். அது கொஞ்சம் யோசித்தது, பிறகு பறந்து வந்து தோளில் இருந்து, என் காதுக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டது. அவ்வளவு பயத்திலும் அது கைக்குச் சீறவில்லை.

கணவர் வந்து கிழிந்த யன்னலைப் பார்த்தார். சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வரும்போது பின்கரியரில் ஒரு சுருள் இரும்பு வலை இருந்தது.

"உங்களுக்கு ஏலுமோ?" என்றேன். "நான் ஆரையும் பிடிச்சு அடிப்பிக்கிறன்."

"இது குருவிக்கில்லை. பூனைக்கு" என்றார்.

வெளியே நின்று அவரே வெட்டி, அவரே ஆணி அடித்தார். வலையின் மறுபக்கத்தில் நான் நின்று மட்டம் பார்த்துச் சொன்னேன். இடையில் ஒருமுறை சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு மாமரத்தடிக்குப் போய் நின்றார். நான் கூப்பிடவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு வந்து மற்ற யன்னலையும் அடித்து முடித்தார்.

பிறகு, மூலைகள் இறுகியிருக்கின்றனவா என்று பார்க்க உள்ளே வந்தார். ஒவ்வொரு ஆணியாக விரலால் அமத்திக்கொண்டு போனவர், இரண்டாவது யன்னலுக்குக் குனிந்தார். குருவி கூட்டின் மேலிருந்து எழும்பி, அறையை ஒருமுறை சுற்றி, அவருடைய தலையில் இறங்கியது.

அவர் குனிந்தபடியே நின்றார்.

"எடும் உதை" என்றார் மெதுவாக.

"நீங்களே கையைக் குடுங்கோ. வரும்."

அவர் கையைக் கொடுக்கவில்லை. மெல்ல மெல்ல நிமிர்ந்து, பக்கத்தில் இருந்த என் கதிரையில் இருந்தார். குருவி தலையிலிருந்து தோளுக்கு இறங்கி, சட்டைக் கொலரைக் கொறிக்கத் தொடங்கியது. பிறகு காதைக் கொத்தியது. அவர் முகத்தைச் சுளித்தாரே தவிர அசையவில்லை. அது விசிலடித்தது. அவர் கண்ணை மட்டும் திருப்பி அதைப் பார்த்தார்.

வெளியே மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்றது. பம்பு திருத்தக் கொடுத்திருந்த கமக்காரர். "அண்ணை, நிக்கிறியளோ? பயிர் காயுது" என்று கூப்பிட்டுக்கொண்டே உள்ளே வந்தவர், திரைச்சீலையை விலக்கினார்.

"திரையை விடுங்கோ, கெதியா" என்றேன். அவர் உள்ளே வந்து திரையை விட்டுவிட்டு, தோளில் குருவியோடு அசையாமல் இருக்கும் மனிதரைப் பார்த்தார்.

"கொஞ்சம் இருங்கோ தம்பி" என்றார் என் கணவர், உதட்டை மட்டும் அசைத்து. "இது இறங்கட்டும்."

வந்தவர் சுவரோர வாங்கில் கிடந்த துணிமூட்டையைத் தள்ளிவிட்டு அதில் இருந்தார். நான் தேத்தண்ணி வைக்கக் குசினிக்குப் போனேன்.